கடற்கரைக்கு யாரிடம் கேட் பாஸ்?

டிஸ்கி: டூர் போட்டோ எதிர்பார்த்து வந்த வகுப்பு மக்கள் மன்னிக்கவும். இதில் போட்டோ இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதியில் நின்றுபோன சண்டையின் மீதிதான் இருக்கிறது. கொஞ்சம் நீளம் வேறு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காரவும்.

தெரியாதவர்களுக்காக: ஓசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பி பிச்சாவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று எங்கள் பி.காம் மூன்றாம் வருட டூர். தரங்கம்பாடிக்கு ஒதுக்கியது மூன்று மணி நேரம். கோட்டை முக்கால் மணி, சர்ச் அரை மணி, மீதியெல்லாம் பீச். நல்ல வெயில், நல்ல காற்று, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தண்ணீர். ஓசூர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கோட்டையைத் தாண்டி மணலில் நடந்தபோது, ஃபைபர் போட் ஒன்றின் நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். நைலான் வலை, மணலில் நீளமாக விரித்திருந்தது. அந்த நீலமும் பச்சையும் நம்ம ஆட்களுக்கு பேக்ரவுண்டாகப் பிடித்துவிட்டது. ஷூவோடு ஏறி நின்று ரீல்ஸ் எடுக்க ஆரம்பித்தார்கள். பெரியவர் தலையைத் தூக்கி, "தம்பி, வலைப்பா... வலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நம்மில் ஒருத்தன் (பெயர் வேண்டாம், அவனே படிப்பான்) இறங்காமலே பதில் சொன்னான்: "பப்ளிக் பீச்சுதானே பெருசு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் உறுத்தியது. "அது தப்புடா" என்றேன். "நீயும்தானே சிரிச்ச, இப்ப என்ன காந்தி வேஷம்?" என்றார்கள். நியாயம்தான். ஆனால் நான் யோக்கியனா என்பது வேறு கேள்வி, அது தப்பா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் வருடம் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கேட்டிலேயே இருபது நிமிடம் நிறுத்தினார்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்து, கழுத்தில் விசிட்டர் கார்டு, போன் கேமராவில் ஸ்டிக்கர். உள்ளே தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். நாம் என்ன செய்தோம்? நல்ல பிள்ளைகளாக வரிசையில் நடந்தோம். யாரும் மெஷின் மேல் ஏறி நிற்கவில்லை. யாரும் ஆபரேட்டரைப் பார்த்து "பெருசு" என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது நாலு பேர் வேலை செய்கிற இடம்.

அந்தக் கடற்கரையும் நாலு பேர் வேலை செய்கிற இடம்தான். போட் நிறுத்துவது, வலை காய வைப்பது, சரி செய்வது, மீன் ஏலம் விடுவது, கருவாடு போடுவது எல்லாம் அந்த மணலில்தான் நடக்கிறது. காம்பவுண்டு சுவரும் செக்யூரிட்டியும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சுவர் இல்லாத இடத்தில் நமக்கு மரியாதையும் இல்லை என்றால், அன்றைக்கு சிப்காட்டில் நாம் மதித்தது வேலையை இல்லை, சுவரைத்தான்.

'பப்ளிக் பீச்' வாதம் இதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டும் பப்ளிக்தான். அதற்காக அங்கே பூ விற்கிற அக்காவின் கூடைமேல் யாராவது ஏறி நிற்போமா?

சரி, ஒருத்தன் வாய்த்துடுக்காகப் பேசினதுக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். அவன் மட்டும் பேசியிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அவனை அப்படிப் பேச வைத்தது நம்ம டூர் நோட்டீஸ். "தமிழ்நாட்டில் ஒரு குட்டி டென்மார்க்" என்று போட்டுத்தானே ஆள் சேர்த்தோம்? (நோட்டீஸ் எழுதினதும் நான்தான். விதி.) குட்டி டென்மார்க்கைப் பார்க்கப் போனவன் கண்ணுக்கு அங்கே வலை சரி செய்கிற மனிதர் எப்படித் தெரிவார்? அவர் பேக்ரவுண்டுதான்.

அந்த நோட்டீஸில் மூன்று வருடங்கள் இருந்தன. 1620ல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள். 1706ல் சீகன்பால்கு வந்தார், அச்சகம் வைத்தார். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மூன்றும் உண்மை. மூன்றிலும் ஊர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை. யாரோ வருகிறார்கள், யாரோ போகிறார்கள். நடுவில் ஊர் சும்மா கிடக்கிறது.

டூருக்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை வந்த பிறகு படித்தேன்.

கடல் பாதி தின்றுவிட்டுப் பிறகு புதுப்பிக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் அங்கே கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ல் கட்டியது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 314 வருடம் முன்னால். அந்தக் கோயில் கல்வெட்டில் ஊருக்குப் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர். அப்போதே அது வியாபாரம் நடந்த கடற்கரைப் பட்டினம். நாம் கோயில் வாசலில் நின்று போட்டோ எடுத்தோம், அலை நன்றாகத் தெரிகிறது என்பதற்காக.

1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது தமிழ் எழுத்து. டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தது வருடத்துக்கு 3,111 ரூபாய் கட்ட வேண்டும் என்கிற ஏற்பாட்டில். அதாவது குத்தகை. 1845ல் அவர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றார்கள். காமர்ஸ் மாணவர்களே, கொஞ்சம் யோசியுங்கள். குத்தகைக்கு வந்தவர் இடத்தையே விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நாம் அவர் வீட்டைத்தான் முக்கால் மணி நேரம் வாய் பிளந்து பார்த்தோம்.

இன்னொன்று. சோழமண்டலக் கரையில் அந்தக் காலத்தில் கப்பல் வந்து நிற்கிற மாதிரி துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். அங்கிருந்து ஆளையும் மூட்டையையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவது நம்ம ஆட்களின் மசூலா படகும் கட்டுமரமும்தான். வெள்ளைக்காரர்களின் சொந்தப் படகுகள் அந்த அலையில் கவிழ்ந்துவிடும். ஆக தளபதியோ கவர்னரோ பாதிரியாரோ, யார் வந்தாலும் ஒரு மீனவர் துடுப்புப் போட்டதால்தான் கரையேறினார்கள். கரையேறினவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரிகிறது. கரையேற்றினவர்கள் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

சீகன்பால்கு விஷயத்திலும் இதே கதைதான். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ் கற்றார், 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார், டேனிஷ் கவர்னரோடு மோதி நாலு மாதம் ஜெயிலில் இருந்தார். ஆனால் அவருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது யார்? உள்ளூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர், எழுபது வயதுக் கிழவர். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அந்த ஜெர்மன்காரர் அ, ஆ கற்றுக்கொண்டார். நமக்குச் சிலை ஞாபகம் இருக்கிறது. மணல் ஞாபகம் இல்லை.

இப்போது கொஞ்சம் தூரம் போகிறேன், கூட வாருங்கள். என் பெரியம்மா பெண் நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். டூர் முடிந்த வாரம் போனில் பேசும்போது இந்தச் சண்டையைச் சொன்னேன். "நாங்க போன கைகோராவுல இப்படி ஒருத்தன் பேசியிருந்தா..." என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாள். அவள் சொன்ன பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

கைகோரா நியூசிலாந்தின் தென் தீவில் கிழக்குக் கடற்கரையில் இருக்கிற சின்ன ஊர். இதுவும் வெயிலும் கடலுமான ஊர்தான். 'கை' என்றால் மாவோரி மொழியில் சாப்பாடு, 'கோரா' என்றால் நம்ம சிங்கி இறால் மாதிரி ஒன்று. மாவோரிகள் அங்கே பல நூறு வருடங்களாக இருக்கிறார்கள். அந்த ஊர்க் குழுவின் பெயர் ங்காத்தி குரி, அவர்கள் சேர்ந்த பெரிய குலம் ங்காய் தஹு. (ஒன்றாம் வகுப்பில் 'ங' எதுக்குடா இருக்கு என்று கேட்டோமே, பாருங்கள், அங்கே பெயரின் முதல் எழுத்தே அதுதான் :-) )

அவர்கள் கதையும் நம்ம கதை மாதிரியேதான் ஆரம்பிக்கிறது. 1840களில் வெள்ளைக்காரர்கள் திமிங்கில வேட்டைக்கு முகாம் போட்டார்கள். 1859ல் அரசாங்கம் கைகோரா பகுதியில் ஏறக்குறைய 28 லட்சம் ஏக்கரை 300 பவுண்டுக்கு வாங்கியது. எழுத்துப் பிழை இல்லை, முன்னூறேதான். பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஊர் மாவோரிகள் சொந்த ஊரிலேயே கூலிக்காரர்கள். 1980களில் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது அந்த வேலையும் போனது.

அதற்குப் பிறகுதான் வேறு மாதிரி ஆகிறது. 1987ல் சில மாவோரி குடும்பங்கள் தங்கள் வீடுகளை அடமானம் வைத்து ஒரு சின்னப் படகு வாங்கினார்கள். திமிங்கிலத்தைக் கொல்ல இல்லை, வருகிறவர்களுக்குக் காட்ட. கரைக்குப் பக்கத்திலேயே கடல் அடியில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பதால் வருடம் முழுவதும் அங்கே திமிங்கிலம் வரும். இன்றைக்கு அந்தத் தொழில்தான் ஊரின் முகம். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். டிக்கெட் கொடுப்பதும், படகை ஓட்டுவதும், கடலின் கதையைச் சொல்வதும் மாவோரி நிறுவனம்.

கவனியுங்கள், அவர்கள் யாரிடமும் "எங்களையும் போர்டில் எழுதுங்க" என்று மனு கொடுக்கவில்லை. கல்லாவில் போய் உட்கார்ந்தார்கள். பிறகு போர்டு தானாக மாறியது.

அக்கா சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. மாவோரிகளின் பொது முற்றத்துக்கு மராய் என்று பெயர். நாம் நினைத்த நேரத்தில் அதற்குள் நுழைய முடியாது. முறைப்படி போனால் விருந்தாளிகள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழுப்பிக் கூப்பிடுவார். பெண்தான் கூப்பிட வேண்டும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும். கூப்பிட்டு முடித்துவிட்டால் பிறகு நீங்கள் வெளியாள் இல்லை. இது சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். 2016 நவம்பரில் 7.8 அளவில் பூகம்பம் வந்து கைகோராவின் ரோடெல்லாம் துண்டிக்கப்பட்டபோது, மாட்டிக்கொண்ட டூரிஸ்டுகளுக்குச் சோறு போட்டது அந்த ஊரின் தகஹங்கா மராய்தான். சிங்கி இறாலோடு சாப்பாடு! வாசலில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கவும் தெரிகிறது.

தரங்கம்பாடியிலும் ஒரு வாசல் இருக்கிறது. 1792ல் கட்டிய டேனிஷ் வாசல், மேலே டென்மார்க் ராஜ முத்திரை. அதைத் தாண்டித்தான் நாம் உள்ளே போனோம். யாரும் நிறுத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மாவோரி என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது தமிழ் மணி. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1830களில் அங்கே ஒரு மாவோரி ஊரில் பெண்கள் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது உடைந்த கப்பல் மணி, மேலே தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று எழுதியிருந்தது. இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு இதில் தெரிந்தது ஒன்றுதான்: "பாத்தியா, தமிழன் அப்பவே அங்க போயிட்டான்!" வாட்ஸப்பில் வருடத்துக்கு நாலு தடவை வருகிறது. அந்த மணியைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களைப் பற்றி யாராவது ஒரு வரி கேட்டிருக்கிறோமா? அங்கே நாம் கப்பலில் வந்தவன் பக்கம். தரங்கம்பாடியிலும் நாம் கப்பலில் வந்தவன் பக்கமேதான். சொந்தக் கரையிலேயே!

இப்போது பஸ்ஸில் எழுந்த எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"மாவோரி பழங்குடி. இங்க எல்லாருமே தமிழன்தான். ரெண்டும் ஒண்ணா?" ஒன்று இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே போனது ஒரு நாடு முழுவதும். ஆனால் நான் பழங்குடிச் சான்றிதழ் பற்றிப் பேசவில்லை. ஓர் ஊரைப் பார்க்க வருகிறவனுக்கு அந்த ஊரைக் காட்டும் உரிமை யாருக்கு, அதில் வரும் காசு யாருக்கு என்று கேட்கிறேன். எல்லோரும் தமிழன் என்றால் இந்தக் கேள்வி இன்னும் சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்?

"டேனிஷ் கோட்டையும் வரலாறுதானே, இடிச்சிரலாமா?" யாரய்யா இடிக்கச் சொன்னது? கோட்டை இருக்கட்டும். கோட்டையோடு ஊர் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பிரச்சினை. சுற்றுவட்டார மீனவ கிராமங்களுக்கெல்லாம் தரங்கம்பாடிதான் தலைமை கிராமம். கடலில் தகராறு என்றால் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தார்கள் அங்கேதான் கூடுகிறார்கள். சுருக்குமடி வலை கூடாது என்ற போராட்டத்தில் முன்னால் நின்ற ஊர் அது. வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும், யார் எந்த வலையைப் போடக்கூடாது என்று ஒரு கரை முழுவதும் உட்கார்ந்து விவாதிக்கிறது. 17ம் நூற்றாண்டுக் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில், இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஓர் ஆட்சிமுறை! நமக்கு அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. (அந்தப் பஞ்சாயத்தில் குறை இல்லை என்று சொல்லவில்லை. மீனை விற்பதும் கடனைச் சமாளிப்பதும் பெண்கள், பஞ்சாயத்தில் உட்காருவது ஆண்கள். மராய் வாசலில் கூப்பிடுவது பெண் குரல் என்பதை நான் சும்மா சொல்லவில்லை.)

"டூரிஸ்ட் வந்தா ஊருக்குத்தானே வருமானம்?" இதுதான் முக்கியமான வாதம், நம்ம சப்ஜெக்டும்கூட. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 26 படித்தோமே. தானாக உருவான குட்வில்லைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டக்கூடாது. காசு கொடுத்து வாங்கின குட்வில்தான் கணக்கில் வரும். தரங்கம்பாடிக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தக் கரைக்கு இருக்கிற பேர், அழகு, மீன் சாப்பாட்டின் ருசி, பத்திரமாக நடக்கலாம் என்கிற நம்பிக்கை எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் உண்டாக்கிய குட்வில். புத்தகத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். கடல் பார்த்த பழைய கலெக்டர் பங்களா இன்றைக்கு ஹோட்டல். கட்டிடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள், நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் அறை வாடகையில் அந்தக் கடல் காட்சிக்கும் விலை சேர்ந்திருக்கிறது. அந்தக் காட்சியில் போட் ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு ரூபாய் வருமா? நம் 42 பேர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டீசல், பஸ் வாடகை, டூர் ஏஜென்ட் கமிஷன், மெயின் ரோடு ஹோட்டலில் சாப்பாடு என்று கணக்கு எழுதினவன் நான். அந்த மீனவர் தெருவில் நாம் செலவழித்தது இருபது ரூபாய் சுண்டல்.

கைகோராக்காரர்கள் செய்தது இதைத்தான் தலைகீழாக்கினது. தங்கள் குட்வில்லைத் தங்கள் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

இதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அரசு உதவியோடு தள்ளிப் புது வீடு வாங்கினால், பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்பு என்றார்கள், அதில் நியாயம் இருந்தது. 2019 ஜனவரியில் புதிய கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. மக்கள் நெருக்கமான கிராமப்புறக் கரைகளில் கட்டிடம் கட்டக்கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. கடற்கரையில் டூரிஸ்டுகளுக்குத் தற்காலிகக் குடில்கள் போட, அலை ஏறும் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளினால் போதும். இடத்துக்கு இடம் விதி மாறும், தெரியும். ஆனால் போக்கைப் பாருங்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவனை, ஆபத்து என்று பின்னால் தள்ளியாகிவிட்டது. கடலை ரசிக்க வருகிறவனுக்கு முன்வரிசையில் இடம். சுனாமி வந்தால் அலை டிக்கெட் பார்த்தா அடிக்கும்?

இதற்கு நடுவில் 'ஓசோன் பீச்' காமெடி வேறு. தரங்கம்பாடியில் ஓசோன் காற்று அதிகம், நெஞ்சு நிறைய இழுங்கள், உடம்புக்கு நல்லது என்று நாமும் நோட்டீஸில் போட்டோம். தரைமட்டத்தில் இருக்கிற ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் அளக்கிற எட்டு மாசுகளில் அதுவும் ஒன்று. அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் உண்மை இருக்கும்போது நமக்கு ஒரு பொய்தான் கிடைத்தது. ஊர்க்காரர்கள் யாரையாவது கேட்டிருந்தால் "கடல் காத்து தம்பி, வேற என்ன?" என்று சொல்லியிருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. மீனவர்கள் நமக்காக வேஷம் கட்டி ஆட வேண்டாம். கட்டுமரத்தை வைத்து ஷோ நடத்த வேண்டாம். அடுத்த தடவை இப்படி ஓர் ஊருக்குப் போனால், போவதற்கு முன்னால் அந்த ஊரில் ஒருத்தரிடம் பேசுவோம். மீனவர் குடும்பத்திலேயே படித்த பையன்களும் பெண்களும் இருப்பார்கள். கைடு காசை அவர்களுக்குக் கொடுத்து, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டு நடப்போம். மதியச் சாப்பாட்டை அந்தத் தெருவில் சமைக்கிற அக்காக்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம், 42 சாப்பாடு சின்ன ஆர்டர் இல்லை. கோட்டையில் டிக்கெட் வாங்குகிற கை, கரையில் அனுமதி கேட்கவும் பழகட்டும். சுற்றுலாத்துறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஊர்க்காரர்களையே நடத்துனர்களாக வைத்து ஒரு நடைச்சுற்றுலா ஆரம்பியுங்கள். அதில் ஒரு நிறுத்தம் வலை சரி செய்கிற இடமாக இருக்கட்டும்.

நாம் ஓசூர்க்காரர்கள். நமக்கு இது புரியாமல் போனால் வேறு யாருக்குப் புரியும்? பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஹைவேயில் பறக்கிறவன் நம்ம ஊரைப் பற்றி என்ன சொல்கிறான்? "ஃபேக்டரி ஏரியா, டிராஃபிக்." நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு 4,200 வருட வயது என்று 2022ல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். காட்டுப் பக்கமெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன. ஆனாலும் ஊரின் வரலாறு சிப்காட் கேட்டில்தான் ஆரம்பிக்கிற மாதிரி பேசுகிறார்கள். அதைக் கேட்டால் நமக்கு எரிகிறதா இல்லையா? அதே வேலையைத்தான் நாம் தரங்கம்பாடியில் மூன்று மணி நேரம் செய்துவிட்டு வந்தோம்.

கடைசியாக ஒன்று. பஸ் கிளம்புவதற்கு முன்னால் என் தொப்பியை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடினேனே, தொப்பி பையில்தான் இருந்தது. அந்தப் பெரியவரிடம் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஐயா, ரொம்பக் கிழிஞ்சிடுச்சா?" என்றேன். ஷூ ஊக்கு மாட்டி இழுத்த இடத்தை விரலால் தூக்கிக் காட்டினார். என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. "சாயந்திரத்துக்குள்ள முடிச்சிரலாம். எந்த ஊரு?" என்றார். ஓசூர் என்றேன். "தூரமாச்சே. சாப்ட்டீங்களா?" என்றார்.

வலையை மிதித்தவன் சாப்பிட்டானா என்று கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

பி.கு: ஜனவரியில் ஜூனியர்களுக்கு டூர் போடுகிறார்கள். இடம் தரங்கம்பாடி என்றால் நோட்டீஸை நான் எழுதித் தருகிறேன். இந்தத் தடவை 1306லிருந்து ஆரம்பிக்கும்.